வீட்டுக் கணினிக்கு ஃபைல் காப்பி போதுமா, இமேஜும் வேண்டுமா?

அப்பாவின் டெஸ்க்டாப் போன வருடம் ஒருநாள் பூட் ஆகாமல் நின்றுவிட்டது. தெரிந்த ஒரு கடையில் கொடுத்தோம். இரண்டு நாளில் சரிசெய்து தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆன் செய்தால் புத்தம் புது விண்டோஸ். சி டிரைவை ஃபார்மேட் செய்து ஓஎஸ் போட்டிருந்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டி டிரைவில் இருந்த போட்டோ, கணக்கு எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அவற்றை ஏற்கெனவே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கிலும் காப்பி எடுத்து வைத்திருந்தேன். அதனால் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்பா இருபது வருடத்துக்கு மேல் டிடிபி கடை வைத்திருந்தவர். இப்போதும் வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை, நினைவு மலர் என்று தெரிந்தவர்களுக்குச் செய்து தருகிறார். 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள், அதோடு ஒரு தமிழ் எழுத்துருத் தொகுப்பு, அதற்கான கீபோர்டு மென்பொருள். இவை மூன்றும்தான் அவருடைய பட்டறை. ஒரு பழைய பத்திரிகையைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். அரைப்புள்ளி இருக்கும் இடம் மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்துரு போய்விட்டால் அடியில் இருப்பது அப்படியே வெளியே தெரியும்.

"ஃபைல் எல்லாம் இருக்கும்மா. என் எழுத்துதான் இல்ல" என்றார்.

எழுத்துருக்கள் இருந்தது சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். கீபோர்டு மென்பொருளின் சிடி கீறல் விழுந்து படிக்கவில்லை. விற்றவர்கள் தொழிலை விட்டே பல வருடம். அப்பாவின் பழைய நண்பர்களின் கணினிகளிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஓரளவு பழைய நிலைக்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆனது. தலைப்புக்கென்று அவர் வைத்திருந்த இரண்டு எழுத்துருக்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஃபைல்களைக் காப்பி எடுத்து வைத்ததோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்ததுதான் தவறு. அதன்பிறகு அப்பாவின் டெஸ்க்டாப்புக்கும் என் லேப்டாப்புக்கும் எது பொருந்தும் என்று பல மென்பொருள்களைப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் இரண்டுக்கும் வேறுவேறு முடிவுதான் எடுக்க வேண்டியிருந்தது.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். ஃபைல் பேக்கப் என்றால் நாம் உருவாக்கிய போட்டோ, கடிதம், கணக்கு இவற்றை வேறு இடத்தில் காப்பி எடுத்து வைப்பது. இமேஜ் என்றால் டிஸ்கையே, அதாவது பூட் பகுதி, விண்டோஸ், போட்டிருக்கும் மென்பொருள், எழுத்துரு, பிரிண்டர் செட்டிங் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு பெரிய ஃபைலாகவோ ஃபைல் தொகுப்பாகவோ எழுதி வைப்பது. குளோன் என்பது ஒரு டிஸ்கை இன்னொரு டிஸ்க்மேல் நேரடியாகப் படியெடுப்பது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடும்போது குளோன் கைகொடுக்கும். பேக்கப்பாக வைத்துக்கொள்ள அது சரிப்படாது. ஒரு முழு டிஸ்கை ஒதுக்கினாலும் அதில் ஒரே ஒரு நாளின் நிலைதான் இருக்கும். இமேஜ் என்றால் ஒரு 2 டிபி டிஸ்கில் இரண்டு கணினிகளின் பல மாத நிலைகளையும் அடுக்கிவிடலாம்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். முன்னதில் 15 ஜிபி, பின்னதில் 5 ஜிபி இலவசம். நல்ல வசதிதான். ஆனால் அவை செய்வது சிங்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அப்புறம் போய்விடும். எழுத்துரு, மென்பொருள், செட்டிங் எதுவும் அந்த வழியில் திரும்பி வராது.

டிடிபி கடை வைத்திருந்தவர்களுக்கு இமேஜ் புதிதில்லை. அவர்கள் அதை "கோஸ்ட் போடுறது" என்பார்கள். நியூசிலாந்தில் மரே ஹாசர்ட் உருவாக்கிய கோஸ்ட் மென்பொருளை 1998-ல் சைமன்டெக் வாங்கி, நார்ட்டன் கோஸ்ட் என்று விற்றது. ஓஎஸ், பேஜ்மேக்கர், எழுத்துரு, பிரிண்டர் எல்லாம் போட்டு முடித்தவுடன் ஒரு கோஸ்ட் எடுத்து வைத்துவிட்டால், வைரஸ் வந்தாலும் அரை மணியில் கடையைத் திறந்துவிடலாம். அப்பாவும் அப்படித்தான் வைத்திருந்தார். 2013-ல் நார்ட்டன் கோஸ்ட் விற்பனை நின்றது. கடையை மூடியபோது அந்தப் பழக்கமும் எங்கள் வீட்டில் நின்றுபோனது.

சரி, இப்போது என்னென்ன இருக்கின்றன?

விண்டோஸிலேயே இருப்பவை

கன்ட்ரோல் பேனலில் "பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)" என்று ஒன்று இன்னும் இருக்கிறது. அதில் சிஸ்டம் இமேஜ் எடுக்கலாம். ஆனால் 2017-லேயே மைக்ரோசாஃப்ட் இந்த வசதியைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. முழு டிஸ்க் பேக்கப்புக்கு வேறு நிறுவனங்களின் மென்பொருளைப் பயன்படுத்துங்கள் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். மூல டிஸ்கைவிடச் சின்ன டிஸ்கில் ரீஸ்டோர் (இமேஜை டிஸ்கில் திரும்ப எழுதுவது) ஆகாது என்பது இதன் பழைய குறை. 1 டிபி ஹார்ட் டிஸ்க் போய் 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்குவதுதான் இன்று வீடுகளில் நடப்பது. அந்த இடத்திலேயே இது காலை வாரிவிடும்.

விண்டோஸ் 8-ல் வந்த ஃபைல் ஹிஸ்டரி நல்ல வசதி. ஒரே ஃபைலின் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். ஆனால் அது ஃபைல் பேக்கப்தான், இமேஜ் இல்லை. விண்டோஸ் 11-ல் இருக்கும் "விண்டோஸ் பேக்கப்" செயலியைப் பெயரைப் பார்த்து நம்பிவிட வேண்டாம். சில ஃபோல்டர்களையும் செட்டிங்குகளையும் ஒன்டிரைவுக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது.

குளோன்ஸில்லா

தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் வளர்ந்த மென்பொருள். முழுக்க இலவசம், மூலநிரல் திறந்தது. இதைக் கணினியில் நிறுவத் தேவையில்லை. ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். உள்ளே இருக்கும் ஓஎஸ் ஓடிக்கொண்டிருக்காது என்பதால் அது விண்டோஸ் 7-ஆ, 11-ஆ, லினக்ஸா என்று இதற்குக் கவலையில்லை. ஆதரவு நின்றுபோன பழைய விண்டோஸ் ஓடும் கணினிக்கு இது பெரிய வரம்.

டிஸ்க்கில் தரவு உள்ள பகுதிகளை மட்டும் படித்துச் சுருக்கி எழுதும். அப்பாவின் 320 ஜிபி டிஸ்கில் 70 ஜிபிதான் நிரம்பியிருந்தது. இமேஜ் 45 ஜிபிக்குள் அடங்கிவிட்டது. இமேஜ் ஃபோல்டருக்கு அன்றைய தேதியையே பெயராக வைக்கும். எழுதி முடித்ததும், ரீஸ்டோர் செய்யத்தக்க நிலையில் இமேஜ் இருக்கிறதா என்று சோதிக்கட்டுமா என்று கேட்கும். நேரம் பிடிக்கும் என்று தவிர்த்துவிடாதீர்கள், ஆம் என்றே சொல்லுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மவுஸ் கிடையாது, நீலமும் சாம்பலுமான எழுத்து மெனுவில் அம்புக்குறி, ஸ்பேஸ், என்டர். டிஸ்க்குகளை நாம் அறிந்த சி, டி என்ற பெயரில் காட்டாமல் லினக்ஸ் பெயரில் காட்டும். எது உள்ளே இருக்கும் டிஸ்க், எது வெளியே செருகியது என்று அளவையும் மாடல் பெயரையும் வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். ரீஸ்டோரின்போது இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் பேக்கப் வைத்திருந்த டிஸ்கே அழிந்துவிடும். மறுபடி மறுபடி எச்சரிக்கும், உறுதிதானா என்று கேட்கும். ஒவ்வொரு முறையும் நிதானமாகப் படியுங்கள். இந்த மெனு பயமாக இருந்தால் ரெஸ்கியூஸில்லா இருக்கிறது. அதே வகை இமேஜ், ஆனால் மவுஸால் கிளிக் செய்யும் திரை.

இன்னொன்று, நேற்றையிலிருந்து மாறியதை மட்டும் எடு என்று குளோன்ஸில்லாவிடம் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் முழு இமேஜ்தான். எடுக்கும் நேரம் முழுக்கக் கணினி நம் கையில் இருக்காது. சின்ன டிஸ்கில் ரீஸ்டோர் செய்வதும் முன்கூட்டியே பார்ட்டிஷனைச் சுருக்கி, கொஞ்சம் நுணுக்கம் தெரிந்தால்தான் முடியும். விண்டோஸ் 10, 11-ல் சாதாரணமாக ஷட்டவுன் செய்தால் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் குளோன்ஸில்லா மறுக்கும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள்.

வீம் ஏஜென்ட்

வீம் பெரிய நிறுவனங்களின் சர்வர்களுக்கு பேக்கப் மென்பொருள் செய்யும் நிறுவனம். தனிக் கணினிக்கான இலவசப் பதிப்பை 2015-ல் கொண்டுவந்தார்கள். இப்போதைய பெயர் வீம் ஏஜென்ட். பதிவிறக்க மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். இலவசப் பதிப்பில் ஒரே ஒரு பேக்கப் வேலைதான் அமைக்கலாம். வீட்டுக்கு அது போதும்.

இது விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இமேஜ் எடுக்கும். விண்டோஸில் ஷேடோ காப்பி என்று ஒரு வசதி இருக்கிறது. அது டிஸ்கை அந்த நொடியில் இருந்தபடி உறைய வைத்துக் காட்டும். அதைப் பார்த்து இமேஜ் எழுதப்படும். நாம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கலாம். முதல் முறை முழு இமேஜ், அடுத்த முறையிலிருந்து மாறியது மட்டும். என் லேப்டாப்பில் முதல் இமேஜுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. இப்போது ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது இதில் ஒரு சின்ன வசதி. பேக்கப் டிஸ்கைச் செருகியவுடன் தானாக வேலையைத் தொடங்கு, முடிந்ததும் டிஸ்கை விண்டோஸிலிருந்து துண்டித்துவிடு என்று சொல்லிவைக்கலாம். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால் செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்கையும் சேர்த்தே பூட்டிவிடும். விண்டோஸின் ஷேடோ காப்பிகளையும் அழித்துவிடும். துண்டிக்கப்பட்ட டிஸ்க் அதன் கைக்கு எட்டாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிஸ்கைச் செருகிவிட்டு காபி போடப் போகிறேன். திரும்பி வரும்போது முடிந்திருக்கும். கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

இமேஜுக்குள்ளிருந்து ஒரே ஒரு ஃபைலை எடுப்பதும் எளிது. தேதியைத் தேர்ந்தெடுத்தால் ஃபோல்டர்கள் திறக்கும், வேண்டியதைக் காப்பி செய்துகொள்ளலாம். போன மாதம் தவறி அழித்த ஒரு எக்செல் ஃபைலை இப்படித்தான் மீட்டேன்.

குறை என்றால் இது கொஞ்சம் கனமான மென்பொருள். சொற்கள் எல்லாம் அலுவலக ஐடி ஆட்களை மனதில் வைத்து எழுதியவை. மாறியதை மட்டும் எடுக்கும் முறைக்கே ஒரு பலவீனமும் உண்டு. முழு இமேஜின்மேல் ஒவ்வொன்றாக அடுக்கிய சங்கிலி அது. நடுவில் ஒரு கண்ணி கெட்டால் அதற்குப் பின்னால் வந்தவை பயன்படாது. அதனால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஒரு முழு இமேஜ் எடுத்துக்கொள்கிறேன்.

காசு கொடுப்பதென்றால்

பல வருடம் வீட்டுப் பயனாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைத்தது மேக்ரியம் ரிஃப்ளெக்ட். அதன் இலவசப் பதிப்புக்கு 2024 ஜனவரி 1-டன் ஆதரவு முடிந்துவிட்டது. பழைய இலவசப் பதிப்பு இன்னும் அங்கங்கே கிடைக்கிறது, ஓடவும் செய்கிறது. புதிதாகத் தொடங்குபவர் அதைப் போட வேண்டாம் என்பேன். பாதுகாப்புத் திருத்தம் வராத ஒரு மென்பொருளிடம் டிஸ்க் முழுவதையும் ஒப்படைப்பது சரியில்லை. 2024 அக்டோபரில் வந்த ரிஃப்ளெக்ட் எக்ஸ் பதிப்புக்கு வருடச் சந்தா. செயல்பாட்டில் இன்றும் இதுதான் எனக்கு முதலிடம். பார்ட்டிஷன்களை இழுத்துச் சுருக்கிச் சின்ன டிஸ்கில் ரீஸ்டோர் செய்வது இதில் மிக எளிது. பேக்கப் ஃபைலை வேறு எந்த நிரலும் தொடாமல் காக்கும் வசதியும் உண்டு. கணினியை நம்பித்தான் பிழைப்பு என்றால் அந்தச் சந்தா வீண் செலவில்லை. எங்கள் வீட்டுக்கு அது தேவைப்படவில்லை.

டிஸ்க் வாங்கும்போதே இலவசமாக வருபவற்றை மறந்துவிடாதீர்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு அக்ரோனிஸ் என்ற இமேஜ் மென்பொருளின் ஒரு பதிப்பு இலவசம். அந்த நிறுவனத்தின் டிஸ்க் ஒன்று கணினியில் இருந்தால்தான் ஓடும். சாம்சங் எஸ்எஸ்டிக்கு அவர்களுடைய குளோன் மென்பொருள் இருக்கிறது. ஒரே ஒருமுறை டிஸ்க் மாற்றுபவருக்கு வேறெதுவும் வேண்டாம். ஈஸ்அஸ், ஏஓஎம்இஐ போன்றவற்றின் இலவசப் பதிப்புகளை நிறுவும் முன் எது இலவசம், எதற்குக் காசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹஸ்லியோ இலவசமாகவே இமேஜ், குளோன் இரண்டும் செய்கிறது. நான் அதை அதிகம் ஓட்டிப் பார்க்கவில்லை.

நாங்கள் எடுத்த முடிவு

அப்பாவின் கணினியில் எதுவும் மாறுவதில்லை. புது மென்பொருள் போடமாட்டார், அப்டேட் கிடையாது, இணையம்கூட இல்லை. தினமும் மாறுவது பத்திரிகை ஃபைல்கள் மட்டுமே. அதனால் அங்கே குளோன்ஸில்லா. எல்லாம் சரியாக வேலை செய்யும் நிலையில் ஒரு இமேஜ், அதன் நகல் வேறொரு டிஸ்கில். எழுத்துருவோ பிரிண்டரோ புதிதாகச் சேர்ந்தால் மட்டும் இன்னொரு இமேஜ். பத்திரிகை ஃபைல்களை ஒவ்வொரு வேலை முடிந்ததும் அவரே பென்டிரைவில் காப்பி செய்துகொள்கிறார்.

என் லேப்டாப் தினமும் மாறுவது. அதற்கு வீம். இமேஜ் இருந்தாலும் போட்டோக்களைத் தனியாகச் சாதாரண ஃபைல்களாகவும் ஒரு டிஸ்கில் வைத்திருக்கிறேன். இமேஜைத் திறக்க அந்த மென்பொருள் வேண்டும்; படத்தைத் திறக்க எந்தக் கணினியும் போதும். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 என்ற கணக்கு இங்கே பொருந்தும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. எங்கள் மூன்றாவது பிரதி தம்பி வீட்டில் இருக்கிறது.

இனி, நடைமுறையில் நான் தடுக்கி விழுந்த இடங்கள்.

எக்ஸ்டர்னல் டிஸ்கை எந்த போர்ட்டில் செருகுகிறீர்கள் என்று பாருங்கள். யுஎஸ்பி 2 போர்ட்டில் நொடிக்கு 30 எம்பி அளவுதான் போகும். 120 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். யுஎஸ்பி 3-ல் சாதாரண ஹார்ட் டிஸ்கே 100 எம்பியைத் தொடும், இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். டிஸ்கை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

டிஸ்கையே பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைக் கவனியுங்கள். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. பலருக்கு அது தெரிவதில்லை. பூட்டிய டிஸ்கில் காலியிடம் எது, தரவு எது என்று குளோன்ஸில்லாவுக்குத் தெரியாது. மொத்த டிஸ்கையும் எழுதும், இமேஜ் டிஸ்க் அளவுக்கே வீங்கும். விண்டோஸுக்குள்ளிருந்து எடுக்கும் இமேஜில் நிலைமை தலைகீழ். அதில் தரவு பூட்டில்லாமல் இருக்கும், அதனால் பேக்கப்புக்கு மென்பொருளிலேயே ஒரு கடவுச்சொல் போட்டுவிடுங்கள். பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வைப்பதும் அவசியம்.

ஒரு டிஸ்கை எஸ்எஸ்டிக்கு குளோன் செய்தபின், முதல்முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.

கடைசியாக, ரீஸ்டோர் செய்து பார்க்காத இமேஜை நம்ப வேண்டாம். விண்டோஸ் ஓடாதபோது பூட் செய்து இமேஜை ரீஸ்டோர் செய்ய ஒரு மீட்புப் பென்டிரைவ் வேண்டும். என் லேப்டாப்புக்கான வீம் பென்டிரைவை முதலில் வேறொரு கணினியில் தயாரித்தேன். பூட் ஆனது, மெனு வந்தது, ஆனால் லேப்டாப்பின் டிஸ்கே பட்டியலில் இல்லை. இன்டெல்லின் 11-ம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி விஎம்டி என்ற ஓர் அடுக்கின் பின்னால் இருக்கிறது. அதற்கான டிரைவர் பென்டிரைவில் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணில் படாது. அதே லேப்டாப்பில் உட்கார்ந்து மறுபடி தயாரித்தபோது வீம் அதன் டிரைவர்களையும் சேர்த்து எழுதிக்கொண்டது. டிஸ்க் தெரிந்தது. டிஸ்க் செத்தபின் இது தெரியவந்திருந்தால் அந்த லேப்டாப்பில் உட்கார்ந்து பென்டிரைவ் தயாரிக்கவே வழி இருந்திருக்காது.

அப்பாவின் இமேஜைச் சோதிக்க 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினோம். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு, எஸ்எஸ்டியைப் பொருத்தி, குளோன்ஸில்லாவில் ரீஸ்டோர் கொடுத்தோம். அரை மணிக்கு மேல் ஆனது. பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தோம். அப்பா பேஜ்மேக்கரைத் திறந்து, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். மணமக்கள் பெயர் பெரிய எழுத்தில் வந்தது. கீபோர்டில் அவருக்குப் பழகிய இடத்தில் விரலை வைத்து ஒரு வரி அடித்துப் பார்த்தார், அப்புறம் பிரிண்ட் கொடுத்தார்.

அந்த எஸ்எஸ்டியையே உள்ளே விட்டுவிட்டோம். மீட்புப் பென்டிரைவ் இரண்டும் ஒரு ஸிப் கவரில், சிபியு பெட்டியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. கவர்மேல் அப்பா கையால் எழுதிய இரண்டு வரி: டெஸ்க்டாப்புக்கு பூட் மெனு எஃப்12, லேப்டாப்புக்கு எஃப்9.